எம்பார் ஸ்வாமியின் ஈறுத் தகடு

எம்பாருக்குக் கீழ்வரிசை முன்பற்கள் இரண்டும் ஆடத் தொடங்கிய விஷயம் திருவள்ளூரில் யாருக்கும் தெரியாது. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்பது மட்டும்தான் தெரிந்தது. சந்நிதித் தெருவில் அதை நல்ல காலத்தின் ஆரம்பமாக எடுத்துக்கொண்டார்கள்.

அவர் வாய் அப்படி. கோயிலில் கோஷ்டி நின்று பாசுரம் சேவிக்கும்போது முதல் அடியை எடுத்துக் கொடுப்பவர் எம்பார்தான். அவர் எடுத்தபிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறக்கலாம். அந்த முதல் குரல் தன் குடும்பச் சொத்து என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். சேவித்து முடித்த அதே வாயால் அவர் ஊரார் ஆசாரத்தையும் துவைத்துக் காயப்போடுவார். யார் வீட்டுத் தளிகையில் பூண்டு வாசனை வந்தது, யார் ஏகாதசியன்று டீக்கடைப் பக்கம் நின்றார் என்பதெல்லாம் அவரிடம் கேட்டால் தெரியும். கேட்காவிட்டாலும் தெரியும்.

ஒருமுறை ஊத்துக்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தார். நடுவழியில் ஓர் அம்மாள் கருவாட்டுக் கூடையோடு ஏறினாள். எம்பார் அந்த நிமிஷமே இறங்கிவிட்டார். கொளுத்தும் வெயிலில் நடந்தே ஊர் வந்து சேர்ந்து, தலைமுழுகி, அப்புறம் ஒரு வாரம் தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். கருவாடு என்ற சொல் மட்டும் வாயில் வராது. ‘அந்த வஸ்து’ என்பார்.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் போன தை மாதம் ரகுராம் மாட்டிக்கொண்டான். ரகுராம் எம்பாரின் மனைவி மரகதவல்லிக்குத் தம்பி பிள்ளை. காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. குரல் கணீரென்று இருக்கும். கோஷ்டியில் எம்பாருக்கு அடுத்த இடம் அவனுக்கு. ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்த பசியில் தொழிற்பேட்டை வாசலில் இருக்கும் பேக்கரியில் முட்டை பப்ஸ் வாங்கிக் கடித்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் அந்தப் பக்கமாகப் போன எம்பார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே கோஷ்டியைக் கூட்டி, “முட்டை பட்ட வாய் பெருமாள் சந்நிதியில் திறக்கப்படாது” என்று தீர்ப்புச் சொல்லி அவனை வெளியேற்றினார். ரகுராம் இல்லையென்று மழுப்பவில்லை. “பசிச்சுது, சாப்ட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெருமாள் எம்பாரின் பல்லில் கை வைத்தார். பங்குனியில் பத்து நாள் உற்சவம். பல் விழுந்தால் காற்று ஒழுகும். முதல் அடியே கந்தலாகும். எம்பாரை விட்டால் முதல் அடி எடுக்கக் கூடிய குரல் ஊரில் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் அவரே துரத்தியிருந்தார். பல் போனால் ரகுராமைக் கூப்பிட வேண்டியிருக்கும். அதை நினைத்தாலே எம்பாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கினாலும் மெல்ல முடியவில்லை.

உப்புத் தண்ணீர் கொப்புளித்தார். கிராம்பை அடக்கிக்கொண்டார். வேப்பங்குச்சியால் தேய்த்தார். ஒரு நாள் சேவித்துக்கொண்டிருக்கும்போது வாயைத் துடைத்த உத்தரீயத்தில் ரத்தம் தெரிந்தது.

“பல் டாக்டர்கிட்ட போங்கோ. ஈறு போனா எல்லாம் போயிடும்” என்றாள் மரகதவல்லி.

“எனக்கு ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு, மறுநாள் அவளிடம் சொல்லாமலேயே போனார்.

ரயில் நிலையத்துக்கு எதிரே மாடியில் டாக்டர் மெர்சியின் பல் ஆஸ்பத்திரி. மெர்சி கும்மிடிப்பூண்டிக்காரி. படித்ததெல்லாம் சென்னையில் என்றாலும் பேச்சு மட்டும் ஊரை விட்டு நகரவில்லை.

“வாங்க ஐயரே, உக்காருங்க.”

“ஐயர் இல்லம்மா. ஐயங்கார்.” பல்வலியைவிட இது அவருக்கு அதிகம் வலித்தது.

“சரிங்க சாமி. வாயத் தொறங்க.” கம்பியை விட்டு ஒவ்வொரு பல்லாக அளந்து பார்த்தாள். “பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பை மாதிரி பள்ளம் உழுந்துக்கீது. அழுக்கு உள்ளயே தங்கி ஈறு விலகிக்கினே போகுது. இப்பிடியே உட்டா பல்லு தானா கையில வந்துரும்.”

“மாத்திரை ஏதாவது குடுங்கோ. முழுங்கிடறேன்.”

“மாத்திரை வயித்துக்குப் போயி, ரத்தத்துல கலந்து, கை காலெல்லாம் சுத்திட்டு, கடசில ஈறுக்குத் துளியூண்டுதான் வரும். அதுக்குத்தான் மொதல்ல சுத்தம் பண்ணிட்டு, அந்தப் பள்ளத்துக்குள்ளயே மருந்த வெச்சிர்றது. நகம் வெட்டினா உழுது பாருங்க, அத்தினியூண்டு தகடு. ஒரேடியா மருந்தக் கொட்டிறாது. கொஞ்சம் கொஞ்சமா உட்டுக்கினே இருக்கும். பத்து நாள்ல தகடும் கரைஞ்சிரும். திரும்ப எடுக்க வேணாம்.”

எம்பார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். விசாரணை தொடங்கியது.

“இதுல வெங்காயம், பூண்டு ஏதாவது உண்டா?”

“பல்லு மருந்துல எதுக்கு சாமி பூண்டு?”

“சாராயம்?”

“இல்ல.”

“பசு, பன்னி, இப்படிப் பிராணி சம்பந்தம்?”

“பசுவும் இல்ல, பன்னியும் இல்ல. மருந்தப் புடிச்சி வெக்கிற தகடு மட்டும் கடல்லேர்ந்து எடுக்கிற ஒரு பொருள்ல செய்றாங்க. அது இன்னான்னா…”

எம்பார் கையை உயர்த்தினார். “சமுத்திரமா?”

“ஆமா. ஆனா அதுல…”

“சமுத்திரம் பரம சுத்தம். சங்கு எங்கேர்ந்து வரது? முத்து எங்கேர்ந்து வரது? பெருமாள் எங்க பள்ளிகொண்டிருக்கார்? திருப்பாற்கடல். போதும்மா.”

“முழுசா கேட்டுக்குங்க சாமி. அப்பறம் சொல்லலன்னு என்மேல வரக்கூடாது.”

“விஞ்ஞானத்த நீங்க பாத்துக்கோங்கோ. சாஸ்திரத்த நான் பாத்துக்கறேன்.”

கடலில் சங்கும் முத்தும் தவிர வேறென்ன இருக்கிறது என்று எம்பாருக்குத் தெரியாதா? மீன் குவிகிற பழவேற்காடு என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? தெரியும். ஊரார் தட்டில் நாலு விதமாகக் கேள்வி கேட்டுப் பழகியவர், தன் ஈறு என்று வந்ததும் மூன்றாவது கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த கேள்வி எங்கே போய் முட்டும் என்று அவர் மனதின் ஏதோ ஒரு மூலைக்குத் தெரிந்திருந்தது. அந்த மூலைக்கு அவர் விளக்குக் கொண்டுபோகவில்லை.

பல்லைச் சுத்தம் செய்ய மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, சற்று நேரம் வெளியே உட்காரச் சொன்னாள். அங்கே மின்விசிறிக்குக் கீழே ஒரு பெரியவர் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பெயர் கிஃபாயத்துல்லா. பழவேற்காட்டு வியாபாரி. மகள் சிஃபாவைத் திருவள்ளூரில் கட்டிக்கொடுத்திருந்தார். மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் பல்லையும் பார்த்துக்கொண்டு போகலாம் என்று வந்தவர்.

“சாமிக்கும் தகடா?”

“ஆமாம்.”

“எனக்கும்தான். நோன்பு பொறக்கப் போவுது. வாய்க்குள்ள இது கரைஞ்சிக்கினே இருந்தா நோன்பு இன்னா ஆவும்னு ஒரே பேஜாரா கீது. பள்ளிவாசல்ல ரெண்டு ஹஜ்ரத்தாண்ட கேட்டேன். ஒருத்தரு தப்பில்லன்றாரு. இன்னொருத்தரு நோன்பு தொறந்தப்பறம் வெச்சிக்கன்றாரு.”

எம்பாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த வாரம் ஏகாதசி! பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பவர் வாயில், நாள் முழுக்க ஒரு வஸ்து கரைந்துகொண்டே இருந்தால் அது உபவாசமா, விருந்தா? இதை அவர் யோசிக்கவே இல்லை. இப்போது இரண்டு பேரும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு யோசித்தார்கள்.

“ருசி இருக்கோ?”

“இல்லன்றாங்க.”

“மெல்லறோமா?”

“கெடயாது.”

“விழுங்கறோமா? அதுவும் இல்ல. அப்போ நாம சாப்பிடல பாய். அதுவா கரையறது.”

“அட, கரெக்ட்டு சாமி!” என்று கிஃபாயத்துல்லா தொடையைத் தட்டினார். “நம்ம சாப்பிடல. அதுவா கரையுது.”

எம்பாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அவர் சொன்ன ஒரு நியாயத்தை எதிர்த்துப் பேசாமல் ஒருவர் ஏற்றுக்கொண்டது அவர் ஆயுளில் அதுதான் முதல்முறை. “பாய் என்ன வியாபாரம்?” என்று மரியாதைக்குக் கேட்டார். “கும்மிடிப்பூண்டில ஒரு கம்பெனிக்கி சரக்கு போட்டுக்கினு கீறேன்” என்றார் பாய். என்ன சரக்கு என்று எம்பார் கேட்கவில்லை. பதிலைப் பொறுத்து நாற்காலியைத் தள்ளிப் போட வேண்டியிருக்கும். மின்விசிறி இருந்ததோ அந்த ஓர் இடத்தில்தான்.

தகடு உள்ளே போனது. எம்பார் அந்த இடத்தில் பல் தேய்க்காமல், முறுக்கு, சீடை தொடாமல் ஜாக்கிரதையாக இருந்தார். ஏகாதசியன்று பட்டினி கிடந்தார். தகடு தன் பாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்தது. ரத்தம் நின்றது. வாய் நாற்றம் போனது. மாசி முடிவதற்குள் கீழ்வரிசைப் பற்கள் ஆட்டத்தை அடக்கிக்கொண்டு நின்றன. அதோடு எம்பாரின் வாயும் பழையபடி திறந்துகொண்டது.

ஒருநாள் கோஷ்டியில் அவர் இதைப் பிரசங்கமாகவே செய்துவிட்டார். “பகவானோட அனுக்ரஹமும் இப்படித்தான். ஒரே நாள்ல கொட்டிட மாட்டார். எந்த எடத்துல நோவோ அந்த எடத்துல, கொஞ்சங் கொஞ்சமா விடுவார். இந்தத் தகடு எதுலேர்ந்து வரது தெரியுமோ? சமுத்திரம்! சாட்சாத் திருப்பாற்கடல் வைத்தியம்!”

கோஷ்டியில் எல்லோருமே அறுபதைத் தாண்டியவர்கள். பிரசாதச் சர்க்கரைப் பொங்கலும் வெற்றிலையும் சேர்ந்து எல்லார் ஈறையும் ஒரு வழி பண்ணியிருந்தன. சம்பத் ஐயங்கார் முதல் ஆளாக மாடிப்படி ஏறினார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். மெர்சி ஒவ்வொருவரிடமும் தகடு எதனால் ஆனது என்று சொல்ல வாயெடுப்பாள். “எம்பார் சொல்லிட்டார்மா. திருப்பாற்கடல்” என்று அவளை அடக்கிவிடுவார்கள். நாலாவது ஆளோடு அவளும் ஓய்ந்துவிட்டாள்.

எம்பாருக்கு மேல்வரிசை பாக்கி இருந்தது. நடுப்பல் ஒன்று அங்கே ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால் போய் அதற்கும் தகடு வைத்துக்கொண்டார். உற்சவம் முக்கால்வாசி முடிகிறவரை தாங்கும், அதற்குள் பல் நின்றுவிடும் என்று கணக்கு. ஈறில் பஞ்சை வைத்து அமுக்கி, “கொஞ்ச நேரம் வாயத் தொறக்காம வெளிய உக்காருங்க” என்றாள் மெர்சி.

வெளியே கிஃபாயத்துல்லா! ரம்ஜான் முடிந்து ஆளே பளபளப்பாக இருந்தார். எம்பாரைப் பார்த்ததும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாமி! உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன். இந்தத் தகடு கீதே, இது நம்ம சரக்கு!”

எம்பார் புருவத்தை உயர்த்தினார். வாயில் பஞ்சு.

“அன்னிக்கு எனக்கே தெரியாது. போன வாரம் கம்பெனில சொன்னாங்க. நம்ம போட்ற மீன் தோலு கீதில்ல, அத்த வேக வெச்சி, வடிகட்டி, பவுடராக்கி, அங்கேர்ந்து காக்களூருக்கு அனுப்பறாங்களாம். அங்கதான் தகடாப் பண்றாங்க. எல்லாம் நம்ம பழவேற்காட்டு மீனு சாமி! நானே கையால பாத்துப் பாத்துப் போட்ட தோலு. அல்லா புண்ணியத்துல உங்க வாயில நிக்கிது பாருங்க!”

“ம்ம்ம்!” என்றார் எம்பார்.

“சந்தோசம் சாமி, எனக்கும் சந்தோசம்” என்றார் பாய்.

எம்பார் எழுந்து உள்ளே ஓடினார். பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். “மீனா? மீனாம்மா?”

மெர்சி கையுறையைக் கழற்றி வைத்தாள். “அதத்தான் அன்னிக்கே சொல்ல வந்தேன். கைய கைய காட்டி நிறுத்திட்டீங்க.”

“எடு! இப்பவே எடு!”

“எடுத்துர்லாம். ஒட்டிக்கினு இருக்குது, கெளறித்தான் எடுக்கணும். ஈறு கிழியும். அந்த நடுப்பல்லு ஏற்கனவே உயிர கையில புடிச்சிக்கினு இருக்குது. திருவிழாக்குள்ள உழுந்தாலும் உழும். இன்னா பண்ணட்டும்?” கையில் இடுக்கியை எடுத்துக்கொண்டு நின்றாள்.

எம்பார் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். இடுக்கி உதட்டருகே வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் கண்ணில் கொடிமரம் தெரிந்தது. அதன் கீழே கோஷ்டி நின்றது. முன்வரிசையில் ரகுராம் நின்று முதல் அடியை எடுத்துக்கொண்டிருந்தான். எம்பார் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் தனக்குத்தானே வழக்காடினார். பெருமாளின் முதல் அவதாரமே மீன்தானே, அதில் என்ன தோஷம் என்று ஒரு பக்கம் வாதாடிப் பார்த்தார். நல்ல வாதமாகத்தான் இருந்தது. அப்படியானால் அவதார மூர்த்தியையே வேகவைத்து ஈறில் செருகிக்கொண்டிருக்கிறோமா என்ற யோசனை வந்ததும் அந்த வாதத்தை நடுத்தெருவிலேயே கைவிட்டார்.

வீட்டில் ரகுராம் இருந்தான். அத்தைக்கு மளிகை வாங்கி வந்திருந்தான். எம்பார் நிலைப்படியில் நின்றபடியே கேட்டார்.

“ஏண்டா, உங்க கம்பெனில என்ன பண்றேள்?”

ரகுராம் அத்தையைப் பார்த்தான். அத்தை கத்தரிக்காயைப் பார்த்தாள்.

“ஈறுக்கு வைக்கற தகடு, அத்திம்பேர்.”

“எதுல பண்றேள்?”

“மீன் தோல்ல.”

“தெரிஞ்சுண்டேவா சும்மா இருந்தே?”

“நீங்க பாற்கடல்னு பிரசங்கம் பண்ணின அன்னிக்கே அத்தைகிட்ட சொன்னேன். அத்தைதான், அவர் பல்லு நிக்கட்டும்டா, அப்பறம் சொல்லிக்கலாம்னா.”

எம்பார் மனைவி பக்கம் திரும்பினார். “நீயுமா?”

“நான் என்னத்தன்னா சொல்லறது?” என்றாள் மரகதவல்லி, கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீங்க திருப்பாற்கடல்னு சொல்லிட்டேள். பெருமாள் பள்ளிகொண்டிருக்கற எடத்துல நான் குறுக்க பேசலாமோ?”

எம்பார் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். “நாம சாப்பிடல. அதுவா கரையறது” என்று முணுமுணுத்தார்.

“பப்ஸும் வாயில போட்டா அதுவாத்தான் கரைஞ்சுது, அத்திம்பேர்” என்றான் ரகுராம். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான். அதுதான் எம்பாரைச் சுட்டது. இந்தப் பையன் நினைத்திருந்தால் பிரசங்கம் நடந்த அன்றே தெருமுனையில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் இடத்தில் தான் இருந்திருந்தால் சொல்லியிருப்போம், ஒரு வாரம் சொல்லியிருப்போம் என்று எம்பாருக்குத் தோன்றியது. அவருக்கு அவமானமாக இருந்தது.

அவமானம் வந்தால் மனிதன் திருந்துவான் என்று நினைப்பவர்கள் எம்பாரை அறியாதவர்கள். அவர் உண்மையைச் சொல்வது பற்றி யோசித்தார். ஒரு டம்ளர் மோர் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். தன் வாய் மட்டும் என்றால் பரவாயில்லை. கோஷ்டி முழுக்க மீன்! சொன்னால் உற்சவத்தில் வாய் திறக்க ஓர் ஆள் மிஞ்ச மாட்டார். டம்ளரைக் கீழே வைத்தபோது அவருக்கு வேறொரு வழி தோன்றியிருந்தது. மெர்சிக்குப் போன் போட்டார்.

“அம்மா, பஞ்சகவ்யம் பட்டா தகடு கரைஞ்சுடுமோ?”

“அது இன்னா சாமி?”

“பால், தயிர், நெய், கோமூத்திரம், கோமயம். அஞ்சும் கலந்தது.”

“கோமயம்னா?”

“சாணி.”

“தகடு கரையாது சாமி. ஆனா அந்த வாய்க்கி நான் கேரண்டி இல்ல” என்றாள்.

மறுநாள் காலை கோஷ்டி கூடியது. எம்பார் நடுவில் நின்றார். ரகுராம் தூண் ஓரமாக நின்றான்.

“ரகுராம் திரும்ப கோஷ்டில சேரணும்” என்றார் எம்பார். “குரல் வேணும். அவன் பண்ணின தப்புக்குப் பிராயச்சித்தம் பண்ணிடலாம். பஞ்சகவ்யம் ஏற்பாடு பண்ணியாச்சு.”

“நல்ல காரியம். குடிக்கச் சொல்லும்” என்றார் சம்பத் ஐயங்கார்.

“அவன் மட்டும் இல்ல, எல்லாரும். கோஷ்டின்னா ஒரே வாய். ஒரு வாய்க்குத் தோஷம்னா எல்லா வாய்க்கும் தோஷம்.”

சம்பத் ஐயங்கார் ஓரடி பின்வாங்கினார். “அவன் முட்டை தின்னதுக்கு நான் ஏன் ஓய் சாணி தின்னணும்?”

“ஒத்துமைக்கு.”

பெரிய சலசலப்பு எழுந்தது. எல்லோரும் ரகுராமை முறைத்தார்கள். இந்தப் பையன் நாக்கை அடக்கியிருந்தால் நமக்கு இந்தக் கதி வருமா என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார். இப்போது ரகுராம் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. எம்பார் பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

ரகுராம் முன்னால் வந்தான். எல்லோரையும் சேவித்தான். “என்னாலதான் உங்க எல்லாருக்கும் சிரமம். மன்னிச்சுக்கணும்” என்றான். பாத்திரத்தின் முன் கையை நீட்டி முதல் ஆளாக வாங்கி, முகம் சுளிக்காமல் உட்கொண்டான். எம்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. கோமூத்திர நெடி என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் ஒன்றுக்கு மூன்று தடவை வாங்கிக்கொண்டதைப் பார்த்து, என்ன பக்தி என்று ஊர் பேசிக்கொண்டது.

உற்சவம் பத்து நாளும் குறையில்லாமல் நடந்தது. மேல்வரிசைப் பல் நின்றது. எம்பார் முதல் அடியை எடுத்தார். குரல் கோபுரத்தைத் தொட்டது. இரண்டாம் நாளிலிருந்து ஒரு புது வழக்கம் பிறந்தது. முதல் அடியை ஒரு நாள் அவர் எடுத்தால் மறுநாள் ரகுராம் எடுத்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு தடவை பஞ்சகவ்யம் வந்துவிடுமோ என்ற பயம்.

சித்திரையில் ஒரு நாள். கத்திரி வெயில். காக்களூரில் ஒரு கிரகப்பிரவேசத்தில் சேவித்துவிட்டு எம்பாரும் ரகுராமும் ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தொழிற்பேட்டை வாசலில் ஓர் அம்மாள் கூடையோடு ஏறினாள். கூடையின் மேல் ஈரச் சாக்கு. வாசனையே சொல்லிவிட்டது. ரகுராம் இறங்கத் தயாராகக் காலை எடுத்து வெளியே வைத்தான்.

“உக்காருடா. வெயில்” என்றார் எம்பார். கூடைக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார். “கொஞ்சம் அந்தாண்ட போ நைனா” என்று அந்த அம்மாள் அவரை இன்னும் கொஞ்சம் நெருக்கினாள். அவர் உத்தரீயத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு அதற்கும் இடம் கொடுத்தார்.

கொஞ்ச தூரம் போனதும் ரகுராம் மெதுவாகச் சொன்னான். “ஒரு நல்ல சேதி அத்திம்பேர். கம்பெனில புதுசாத் தகடு வரப்போறது. முழுக்க முழுக்கச் செடிலேர்ந்து எடுத்தது. மீனே கெடயாது. அடுத்த தடவை நீங்க அதையே வெச்சுக்கலாம்.”

எம்பாரின் முகம் மலர்ந்தது. “பெருமாள் கண்ணத் தொறந்துட்டார்டா! எத்தன நாள் நிக்கும்?”

“அஞ்சு நாள். அதுக்குள்ள கரைஞ்சுடும்.”

“அஞ்சுதானா?”

“ஆமாம். பத்து நாள் தாங்கறது பழசுதான்.”

எம்பார் நாக்கால் மேல்வரிசை நடுப்பல்லைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த பங்குனி உற்சவத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். ஆட்டோவில் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு ரகுராமின் காதருகே குனிந்தார்.

“கிஃபாயத்துல்லா பாய் இன்னும் சரக்கு போட்டுண்டுதானேடா இருக்கார்?”